துறையும் பாலமும்

ஓர் ஆற்றுக்குக் குறுக்கே புதிதாகப் பாலம் ஒன்று அமைய வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், "எவ்வளவு பணம் செலவாகும்?" என்று கேட்பவரே பலர். ஆனால் பாலத்தைத் திட்டமிடுவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா அதுவன்று. "எந்த இடத்தில்?" என்பதே முதல் வினா. இடம் பிழைத்தால் பின்னர் எத்துணைப் பணத்தைக் கொட்டினாலும் அப்பிழை திருந்துவதில்லை. இடம் பொருந்தினாலோ, சிறு பணத்தில் முடிந்த பாலமும் மூன்று தலைமுறைக்கு நின்று பயன் தரும்.

ஊரவரைக் கேட்டால் அவர்கள் தயங்காமல், "துறை இருக்கிறதே, அங்கேதான்" என்று காட்டுவார்கள். இது இயல்பே. நம் நாட்டில் ஆற்றையும் களப்பையும் கடக்கும் இடங்களுக்கெல்லாம் துறை என்றே பெயர் வழங்கி வந்தது. மட்டக்களப்பிலே துறையில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையையே "பாதை" என்று மக்கள் அழைப்பர். நீரின் மேல் மிதப்பதற்கு நிலத்தில் நடக்கும் வழியின் பெயரைச் சூட்டிய அந்த வழக்கிலே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அதுவே வழி.

எனினும் துறைக்கு உகந்த இடம் பாலத்துக்கும் உகந்ததாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. தோணிக்காரன் நாடுவது வேகம் தணிந்த நீரை. கரை சரிவாக இருந்து, வண்டி இறங்கி ஏற வசதியிருந்தால் அவனுக்குப் போதும். அங்கே ஆறு அகன்று கிடப்பதைப் பற்றி அவன் பெரிதாகக் கவலைப்படான். இன்னும் சில துடுப்பு வலித்தால் அக்கரை வந்துவிடும். பாலம் கட்டுவோன் நாடுவதோ இதற்கு மறுதலையானது. ஆறு ஒடுங்கியிருக்க வேண்டும். வளைவின்றி நேராக ஓட வேண்டும். இரு கரையும் உயர்ந்து, உறுதியான மண்ணாகவோ பாறையாகவோ அமைய வேண்டும். வளைவிலே பாலம் கட்டுவதில் ஒரு பேரிடர் உண்டு. ஆறு வளையும் இடத்தில் வெளிப்புறக் கரையை நீர் அரித்துக்கொண்டே போகும்; உட்புறக் கரையிலே மணலைக் குவிக்கும். இன்று நடு ஆற்றில் நாட்டிய தூண் நாளை மணல்மேட்டில் நிற்க, ஆறு பாலத்தின் முனையைச் சுற்றிப் புது வழி தேடிக்கொள்ளும். ஆறற்ற பாலமும் பாலமற்ற ஆறும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் காட்சி உலகில் பல இடங்களிலே உண்டு.

இனி, நமது நாட்டு வரலாற்றில் இருந்தே ஓர் ஆற்றை எடுத்து நோக்குவோம். கொழும்பின் வடபுறத்தே ஓடும் களனி கங்கையைக் கடக்கும் இடத்துக்குப் போர்த்துக்கேயர் "பெருந்துறை" என்ற பொருள்படத் தம் மொழியிலே பெயரிட்டனர். அதன் திரிபே இன்று நாம் வழங்கும் கிராண்ட்பாஸ் என்ற பெயர். கண்டிக்கும் நீர்கொழும்புக்கும் செல்வோர் அனைவரும் அங்கேதான் ஆற்றைக் கடந்தனர். கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் வசமான பின்னர், படைகளும் பாரவண்டிகளும் அத்துறையைக் கடக்கும் தேவை மிகுந்தது. ஆகவே 1822 இல் அங்கே ஒரு பாலம் அமைத்தார்கள். அது கல்லாலோ இரும்பாலோ ஆனதன்று. படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தி, அவற்றின்மேல் பலகை பாவிய படகுப்பாலம்.

இதனைக் கேட்டு நகைக்க வேண்டியதில்லை. அன்றைய நிலையில் அது மிக நுண்ணிய தீர்வு. களனியின் அடித்தளம் மணலும் சேறுமானது. ஆண்டுதோறும் பெருவெள்ளம் வரும். ஆழத்தில் உறுதியான தளம் எங்கே இருக்கிறது என்று துருவிப் பார்க்கும் கருவிகளும், அத்தளம் வரை தூண் இறக்கும் வல்லமையும் எளிதில் கிட்டாத காலம். நாட்டுவதற்கு நிலம் இல்லையெனில் மிதக்க விடுவதே அறிவுடைமை. நீர் உயர்ந்தால் பாலமும் உயரும். நீர் தாழ்ந்தால் பாலமும் தாழும். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படகுப்பாலமே தலைநகரையும் மலைநாட்டையும் இணைத்தது. 1895 இல்தான் விக்டோரியாப் பாலம் என்ற இரும்புப்பாலம் அதன் இடத்தைப் பெற்றது. தற்காலிகம் என்று சொல்லத்தக்க ஓர் அமைப்பு நமது நாட்டில் எத்துணைக் காலம் வாழ்ந்துவிடுகிறது என்பதற்கும் இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அதன் பின்னர் வாகனங்கள் பெருகின. 1959 இல் புதிய களனிப் பாலம் அமைந்தது. அதுவும் நெரிசலால் திணறிய நிலையில், ஜப்பானிய கடனுதவியுடன் இன்னொரு பாலம் திட்டமிடப்பட்டு, கல்யாணி என்ற பெயரோடு 2021 நவம்பர் 24 ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் தலைமைப் பகுதி 380 மீற்றர் நீளமானது. கோபுரங்களிலிருந்து இறங்கும் வடங்கள் அதன் தளத்தைத் தாங்குகின்றன. படகிலிருந்து வடம் வரை இரு நூற்றாண்டு. நூறு ஆண்டு தாங்கும் என்று எண்ணிக் கட்டிய பாலமும், தான் உடையாமலே, ஊர் வளர்ந்த வேகத்தினால் போதாமற் போகின்றது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

பேராதனையிலே மகாவலிக்குக் குறுக்கே நின்ற பாலம் வேறொரு வகை அறிவைச் சொல்லும். 1833 இல் நிறைவெய்திய அப்பாலத்தை வகுத்தவர் பிரேசர் என்ற படைப்பொறியியலாளர். முழுவதும் முதிரை மரத்தால் ஆனது. ஒரே வில்வளைவாக 205 அடி அகலத்தைத் தாண்டி நின்றது. ஆற்றினுள்ளே ஒரு தூண்கூட இல்லை. மலையிலிருந்து மரங்களையும் கற்களையும் உருட்டிக்கொண்டு வரும் மகாவலியின் வெள்ளத்துக்கு முன்னே தூண் நாட்டுவது, பகைவனின் வாளுக்குக் கழுத்தை நீட்டுவது போன்றது. ஆதலால் தூணே வேண்டாம் என்று கரையிலிருந்து கரைக்குத் தாவும் வளைவை அமைத்தார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பணியாற்றிய பின்னர் 1905 இல் அது அகற்றப்பட்டு உருக்குப்பாலம் ஒன்று அமைந்தது. களனியில் மிதவை, பேராதனையில் வளைவு. காலம் ஏறத்தாழ ஒன்று, நாடும் ஒன்று, ஆனால் ஆறு வேறு. ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லா ஆறுகளுக்கும் பாலம் கட்டலாம் என்று நினைப்பவர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

இடத்தைத் தெரிந்த பின்னர் அடுத்த வேலை, ஆற்றை அறிதல். ஆற்றின் அடியிலே இருப்பது என்ன என்பதைத் துளையிட்டுப் பார்த்தே அறியலாம். ஒவ்வொரு தூணும் நிற்கவிருக்கும் இடத்தில் துளையிட்டு, அடுக்கடுக்காக மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டும். மேலே இருக்கும் சில அடி மண் உறுதியாகத் தோன்றும்; அதன் கீழே களியும் சேறும் இருக்கக்கூடும். இச்சோதனைக்குச் செலவாகும் பணத்தை வீண் என்று கருதிக் குறைக்க முற்படுவோர் உண்டு. முழுச் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு பங்கு; அதனை மிச்சம் பிடித்த பாலங்களே பாதி வேலையில் வரைபடம் மாறி, ஆண்டுக்கணக்கில் தூண்களாகவே நிற்கின்றன.

வெள்ளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும்; ஏனெனில் பாலங்கள் பெரும்பாலும் பாரத்தால் வீழ்வதில்லை, நீரால் வீழ்கின்றன. தூண்கள் நீரோட்டத்துக்குத் தடையாக நிற்கின்றன. தடைப்பட்ட நீர் தூணைச் சுற்றிச் சுழித்து வேகம் கொள்கிறது. அச்சுழிப்பு தூணின் அடியிலுள்ள மணலைத் தோண்டி எடுத்துச் செல்கிறது. மேலே நின்று பார்ப்பவருக்குப் பாலம் கம்பீரமாகத் தோன்றும். கீழே வேர் அறுந்துகொண்டிருக்கும். வெள்ளம் வடிந்ததும் அந்தக் குழியிலே மீண்டும் மணல் வந்து நிரம்பிவிடுவதால், பின்னர் சென்று பார்ப்பவருக்கு நடந்தது தெரிவதும் இல்லை. எனவே தூணின் அடித்தளம் வெள்ளம் தோண்டக்கூடிய ஆழத்துக்கும் கீழே சென்றிருக்க வேண்டும்.

"நூறாண்டு வெள்ளம்" என்று பொறியியலாளர் கூறுவதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும், வந்துவிட்டால் அடுத்த நூறு ஆண்டு அச்சமில்லை என்பது அதன் பொருளன்று. எந்த ஓர் ஆண்டிலும் அத்தகைய வெள்ளம் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். கணக்கிட்டுப் பார்த்தால், ஐம்பது ஆண்டு நிற்கும் ஒரு பாலம் தன் வாழ்நாளில் அவ்வெள்ளத்தை ஒருமுறையாவது காண்பதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது வாய்ப்பு இருக்கிறது. நூறு ஆண்டு நின்றால் அவ்வாய்ப்பு நூற்றுக்கு அறுபதைத் தாண்டும். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அது வரலாம், தடுப்பார் யார்? 1957 டிசம்பரில் வடமத்தியிலும் கிழக்கிலும் பெருகிய வெள்ளத்தைக் கண்ட முதியோர், அதனைப்போல் இனி வராது என்று எண்ணியிருப்பர். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலோடு வந்த வெள்ளம் நாட்டின் பல பாகங்களிலும் வீதிகளையும் பாலங்களையும் அறுத்தெறிந்தது.

இன்னொன்றும் உண்டு. பாலத்தை மட்டும் நோக்கி, அதனை அணுகும் வீதியை மறந்துவிடுகிறோம். ஆற்றின் இரு மருங்கிலும் தாழ்ந்த வயல்வெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளக் காலத்தில் ஆறு தன் கரைக்குள்ளே மட்டும் ஓடுவதில்லை. அவ்வயல்வெளி முழுவதும் அப்போது ஆறுதான். செலவைக் குறைக்கும் நோக்கோடு குறுகிய பாலத்தைக் கட்டி, இருபுறமும் உயரமாக மண் கொட்டி வீதி அமைத்தால் அவ்வீதி ஓர் அணையாகிவிடும். மேற்புறத்தில் உள்ள வயலும் வீடும் முன்னெப்போதும் காணாத அளவுக்கு நீரில் மூழ்கும். நீர் முழுவதும் அக்குறுகிய வாயிலால் பாய்ந்து பாலத்தையும் சேர்த்து அழிக்கும். ஆகவே மண்மேட்டு வீதியின் இடையிடையே போதிய மதகுகள் வேண்டும். அன்றேல் பாலத்தையே நீட்ட வேண்டும். பாலம் வந்ததால் வெள்ளம் வந்தது என்று ஊரவர் முறையிடும் இடங்களில், அம்முறைப்பாட்டை அறியாமை என்று ஒதுக்காமல் அளந்து பார்ப்பதே முறை. பல வேளைகளில் அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.

அடுத்து, பாலத்தின் அகலத்தையும் வலிமையையும் தீர்மானிக்க வாகனங்களை எண்ணுவார்கள். வீதியோரத்தில் அமர்ந்து, போவன வருவனவற்றைக் குறித்துக்கொள்ளும் எளிய முறை அது. ஏற்கெனவே பாலமுள்ள இடத்தில் இது பொருந்தும். துறையிலே பொருந்தாது. பாதைக்காகக் காத்திருக்க மனமின்றி வீட்டிலேயே இருந்துவிட்டவரை யார் எண்ணுவது? அக்கரைச் சந்தைக்கு வராத நெல் மூடையையும், இருட்டிய பின் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படாத கர்ப்பிணியையும் எந்தக் கணக்குப் புத்தகத்தில் தேடுவது? துறையில் நாளொன்றுக்கு இருநூறு பேர் கடக்கிறார்கள் என்றால், அது அவ்வூரின் தேவையைக் காட்டும் எண் அன்று. அப்பாதையின் கொள்ளளவைக் காட்டும் எண்.

கிழக்கிலங்கையை அறிந்தவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகச் செல்லும் வீதியிலே, மகாவலியின் கிளைகளும் கடலேரிகளும் குறுக்கிட்டன. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் துறைகள் இருந்தன. ஒரு துறையைத் தாண்டி அடுத்த துறைக்கு வரும்போது பாதை மறுகரையில் நின்றால், அங்கே ஒரு காத்திருப்பு. வரைபடத்திலே அது நேர்வழி. பிரயாணிக்கோ அது நாள் முழுவதையும் விழுங்கும் வழி. 2009 இல் கிண்ணியாவிலே 396 மீற்றர் நீளமான பாலம் சவூதி அரேபிய உதவியோடு எழுந்தது. ஏனைய துறைகளிலும் பின்னர் பாலங்கள் அமைந்தன. 2011 சனவரியில் பூநகரிக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடையே சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபோது, ஆனையிறவைச் சுற்றிச் செல்லும் நெடும்பயணம் பலருக்கு இல்லாமற் போயிற்று. 2014 இல் மண்முனைத்துறையில் அமைந்த பாலம் எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைத்தது. படுவான்கரை நெல்லையும் பாலையும் தரும் நிலம். பாடசாலையும் வைத்தியசாலையும் அலுவலகமும் பெரும்பாலும் எழுவான்கரையில். அப்பாலத்தின் பயனை அதன் மேல் ஓடும் வாகனங்களைக் கொண்டு மட்டும் அளத்தல் முறையன்று.

சிக்கனம் சில வேளைகளில் எவ்வாறு வீண்செலவாகிறது என்பதற்கு மன்னம்பிட்டிப் பழைய பாலமும் ஓட்டமாவடிப் பழைய பாலமும் சான்றுகள். இரண்டிலும் புகையிரதமும் வீதி வாகனங்களும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொண்டன. வாகனங்கள் அருகியிருந்த காலத்தில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடே. பின்னரோ புகையிரதம் வரும்போதெல்லாம் இருபுறமும் வாகனங்கள் அணிவகுத்து நின்றன. ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே செல்ல முடிந்தது. மன்னம்பிட்டியில் 2007 இல் வீதிக்கெனத் தனிப்பாலம் அமைந்தபோதுதான் அந்த இடுக்கண் தீர்ந்தது.

நேயர்களே, இதுவரை கூறியவை யாவும் பாலத் திட்டமிடல் பற்றிய நூல்களிலே விரிவாக இருப்பவை. ஆனால் நூல்களில் இரண்டொரு வரியோடு நின்றுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. பழைய வழியை மூடிய நாளுக்கும் புதிய பாலத்தைத் திறக்கும் நாளுக்கும் இடையில் மக்கள் எவ்வாறு கடப்பது? களனிப் பாலம் விளக்கொளியோடு திறக்கப்பட்டது 2021 நவம்பர் 24 இல் என்று கூறினேன். அதற்கு முதல் நாள், நவம்பர் 23 காலையில், கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், மாற்று வழியாக மக்கள் பயன்படுத்திய இழுவைப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குச் சென்ற சிறுவர்கள் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். நீர் ஆழமான பெருங்கடல் அன்று. கரை கண்ணுக்கெட்டாத தூரமும் அன்று. அக்கரையில் பாடசாலை மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதே அவர்களது அவசரம்.

பாலமொன்றின் மதிப்பீட்டிலே சீமெந்துக்கு இவ்வளவு, உருக்குக்கு இவ்வளவு, காணிச் சுவீகரிப்புக்கு இவ்வளவு என்று தலைப்புகள் உண்டு. "இடைக்காலக் கடப்பு" என்றும் ஒரு தலைப்பு, மற்றவற்றுக்கு ஒப்பான எடையோடு அங்கே இருத்தல் வேண்டும். என்ன செய்யலாம்? இயன்றவரை பழைய பாலத்தை உடைக்காமல் அதன் பக்கத்திலே புதியதைக் கட்டலாம். அணுகுவீதி சற்று வளைந்தாலும் பாதகமில்லை. அது இயலாதெனில், பகுதி பகுதியாகக் கோத்து நிறுத்தும் தற்காலிக இரும்புப்பாலத்தை முதலில் அமைத்துவிட்டு, அதன் பின்னரே பழையதில் கைவைக்கலாம். படகுதான் கதி எனில், எத்தனை பேர் ஏறலாம் என்பது படகின் பக்கத்திலே எழுதப்பட்டிருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கிகள் ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும். காலைப் பாடசாலை நேரத்திலே ஒன்றுக்கு இரண்டு படகுகள் ஓட வேண்டும். அவற்றைச் சோதிக்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கு உரியது என்பது வேலை தொடங்கும் முன்னரே எழுத்தில் இருக்க வேண்டும். வேலை ஓர் ஆண்டு தாமதமானால் அவ்வேற்பாடும் ஓராண்டு நீள வேண்டும். அதற்கான பணமும் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். இவையெல்லாம் பொறியியல் அல்ல, நிருவாகம் என்று சிலர் சொல்லக்கூடும். தூணின் ஆழத்தைக் கணிப்பவரின் மேசையிலேயே இதுவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் வேலை எத்தனை மாதம் நீளும் என்பதை அவரே முதலில் அறிவார்.

நடந்து செல்வோரை மறந்த பாலங்களும் நம்மிடையே உள. இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று உரசாமல் செல்லக்கூடிய அகலத்தை அளந்து, அதற்குமேல் ஓர் அடியும் விடாமல் கட்டிய தளத்திலே, துவிச்சக்கர வண்டியில் செல்லும் மாணவி எங்கே ஒதுங்குவாள்? நடைபாதைக்கு இருபுறமும் சில அடி அகலம் கூட்டினால் செலவு சிறிது கூடும். அது பின்னர் ஒட்டிச் சேர்க்கக்கூடிய பொருள் அன்று. தூண் நாட்டும் நாளிலேயே முடிவாகிவிடுவது. கைபிடிச் சுவரின் உயரமும் வலிமையும் அத்தகையனவே. 2023 யூலை 9 இரவு, மன்னம்பிட்டியை அடுத்த கொத்தலியப் பாலத்திலிருந்து பேருந்தொன்று ஆற்றில் வீழ்ந்து பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

உங்கள் ஊரில் ஒரு பாலத்துக்கு அளவையாளர்கள் வந்தால், அவர்கள் கருவியோடு இரண்டு வாரம் நிற்பார்கள். நீங்களோ அவ்வாற்றோடு இரண்டு தலைமுறை வாழ்ந்தவர்கள். அவர்கள் கையிலுள்ள மழைக் கணக்கு அண்மையிலுள்ள அளவு நிலையம் ஒன்றிலிருந்து வந்தது. அந்நிலையம் பல மைலுக்கு அப்பால் இருக்கலாம். பெருவெள்ளத்திலே நீர் எந்த மரத்தின் கிளை வரை ஏறியது, எந்தப் பக்கத்தால் முதலில் உடைத்துக்கொண்டு வந்தது, ஆற்றின் கரை உங்கள் பாட்டனார் காலத்தில் எங்கே இருந்தது என்பவற்றை அவர்கள் கேளாவிட்டாலும் சென்று கூறுங்கள். வீட்டுச் சுவரிலோ, கோயில் மதிலிலோ, பள்ளிவாசல் தூணிலோ வெள்ளம் ஏறிய மட்டத்தை யாரேனும் கோடிட்டு ஆண்டு குறித்து வைத்திருந்தால், அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டு அடியுங்கள்.